சட்டம் சொல்வது ஒவ்வொரு தாய்க்கும். திட்டம் தருவது சிலருக்கு மட்டும்

புது தில்லி:

உணவுப் பாதுகாப்பு மசோதா 2013 ஆகஸ்ட் 26-ஆம் தேதி இரவு மக்களவையில் நிறைவேறியது. அன்றைய நெடுநேர விவாதத்தில் உறுப்பினர்கள் பேசியதெல்லாம் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பற்றித்தான்: நபருக்கு எத்தனை கிலோ அரிசி, கோதுமை, இதற்காகும் செலவை நாடு தாங்குமா, மாநிலங்களின் உரிமை பறிபோகிறதா. தமிழக உறுப்பினர்களின் கவலை, மாநிலத்தில் ஏற்கெனவே அனைவருக்குமாக நடந்துவரும் பொது விநியோகத் திட்டத்துக்கு ஊறு நேருமோ என்பதில் இருந்தது. வாக்கெடுப்பு முடிவதற்குள் உடல்நலக் குறைவால் சோனியா காந்தி எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சென்றதும் சேர்ந்துகொள்ள, மறுநாள் செய்திகளில் வேறு எதற்கும் இடமில்லாமல் போயிற்று.

அந்தச் சலசலப்பில் அதிகம் கவனிக்கப்படாமல் நிறைவேறியது, சட்டத்தின் 4-ஆவது பிரிவு. கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் பாலூட்டும் ஒவ்வொரு தாய்க்கும் அது இரண்டு உரிமைகளை வழங்குகிறது. கர்ப்ப காலத்திலும் குழந்தை பிறந்து 6 மாதங்கள் வரையிலும் அங்கன்வாடி வழியாக இலவச உணவு, ரூ.6 ஆயிரத்துக்குக் குறையாத பேறுகால நிதியுதவி. மத்திய, மாநில அரசுகளிலும் பொதுத் துறை நிறுவனங்களிலும் நிரந்தரப் பணியில் இருப்போர், வேறு சட்டத்தின் கீழ் இதே போன்ற சலுகை பெறுவோர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு. முதல் குழந்தையா, இரண்டாவதா என்று சட்டம் கேட்கவில்லை. தாயின் வயதைக் கேட்கவில்லை. பிறப்பது ஆணா, பெண்ணா என்றும் கேட்கவில்லை.

ஆயினும் அந்தப் பிரிவின் தொடக்கத்தில் ஒரு சிறு சொற்றொடர் இருக்கிறது: மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உட்பட்டு. பின்னர் நடந்த அனைத்தும் அந்தச் சொற்றொடரின் வழியாகவே நுழைந்தன.

நான்கு ஆண்டுத் தாமதம்

சட்டம் வந்த மறுநாளே உதவித் தொகை கைக்கு வந்துவிடவில்லை. இந்திரா காந்தி மாத்ரித்வ சஹயோக் யோஜனா என்ற பெயரில் 2010-இல் ஐம்பதுக்குச் சற்று அதிகமான மாவட்டங்களில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டிருந்தது. அதில் அப்போது ரூ.4 ஆயிரம் தரப்பட்டது. சட்டம் வந்த பிறகு தொகை ரூ.6 ஆயிரமாக உயர்ந்தது. மாவட்டங்களின் எண்ணிக்கை மட்டும் உயரவில்லை. சட்டத்தை இயற்றிய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசும் சரி, 2014-இல் பொறுப்பேற்ற தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசும் சரி, நாடு முழுவதற்கும் அதை விரிவாக்க அவசரம் காட்டவில்லை. நாடாளுமன்றம் உரிமை என்று அறிவித்த ஒன்று, நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் மூன்றரை ஆண்டுகள் ஏட்டிலேயே இருந்தது.

2016 டிசம்பர் 31-ஆம் தேதி, பணமதிப்பு நீக்கத்தை ஒட்டி நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், கர்ப்பிணிகளுக்கு ரூ.6 ஆயிரம் வழங்கும் திட்டம் நாடு முழுவதும் செயல்படுத்தப்படும் என்று பிரதமர் நரேந்திர மோடி அறிவித்தார். புதிய அறிவிப்பாகவே அது முழங்கப்பட்டது. உண்மையில் அது மூன்றாண்டுக்கு முந்தைய சட்டத்தின் நிலுவை.

2017 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது அந்தத் தொகை ரூ.5 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. அதுவும் உயிருடன் பிறக்கும் முதல் குழந்தைக்கு மட்டும், மூன்று தவணைகளில். மீதித் தொகை, மருத்துவமனையில் பிரசவம் செய்துகொள்வோருக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டு வரும் ஜனனி சுரக்ஷா யோஜனா ஊக்கத் தொகையிலிருந்து வரும். இரண்டையும் கூட்டினால் சராசரியாக ரூ.6 ஆயிரம் ஆகிவிடும் என்பது அரசின் விளக்கம். வேறொரு நோக்கத்துக்காக 2005 முதல் தரப்பட்டு வரும் தொகையை, 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கணக்கில் வரவு வைத்துக்கொண்டது இந்த விளக்கம். இவ்வாறு பிறந்ததே பிரதமர் மாத்ரு வந்தனா யோஜனா.

முதல் குழந்தைக்கு மட்டும் என்ற வரம்பு, பயனாளிகளின் எண்ணிக்கையை ஒரே வீச்சில் பாதிக்கும் கீழாகக் குறைத்துவிட்டது. குழந்தைப் பேறுகளில் முதல் பேறு என்பது ஒரு பகுதிதான். கருவுறுதல் விகிதம் கூடுதலாக உள்ள பிகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களில் அந்தப் பகுதி இன்னும் சிறியது. ஊட்டச்சத்துக் குறைவு எங்கு மிகுதியோ அங்கேயே விலக்கும் மிகுதி. அடுத்தடுத்த பேறுகளில்தான் தாயின் உடலில் இரும்புச் சத்துக் கையிருப்பு கரைந்து போகிறது என்பதை மகப்பேறு மருத்துவம் படிக்கும் மாணவர்களே சொல்வார்கள். உதவி மிகவும் தேவைப்படும் கட்டத்தில் உதவி நின்றுவிடுகிறது.

ஆணா, பெண்ணா என்று தெரிந்த பின்

2022 ஏப்ரல் முதல் இத்திட்டம் 'மிஷன் சக்தி' என்ற குடையின் கீழ் திருத்தி அமைக்கப்பட்டது. மூன்று தவணைகள் இரண்டாயின. கர்ப்பத்தைப் பதிவு செய்து, ஒரு முறையேனும் பரிசோதனைக்குச் சென்றுவந்தால் ரூ.3 ஆயிரம், குழந்தை பிறந்து, பிறப்பைப் பதிவு செய்து, முதல் சுற்றுத் தடுப்பூசிகளும் போட்ட பிறகு ரூ.2 ஆயிரம். முன்னதாகக் கிடைக்கும் தொகை கூடியது என்ற அளவில் இது முன்னேற்றமே. கணவரின் ஆதார் கட்டாயமில்லை என்று ஆக்கியதும் நல்ல மாற்றம். கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் முன்பு அந்த ஒரு காரணத்தாலேயே படிவத்தோடு அலைய வேண்டியிருந்தது.

அதே திருத்தத்தில் இரண்டாவது குழந்தைக்கும் உதவி நீட்டிக்கப்பட்டது. அக்குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டும், ரூ.6 ஆயிரம், ஒரே தவணையில். பெண் குழந்தைகளின் பிறப்பு விகிதத்தை உயர்த்துவது நோக்கம் என்று அரசு கூறியது. அந்த நோக்கத்தில் யாரும் குறை காண முடியாது. ஆனால் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

கருவில் இருப்பது ஆணா, பெண்ணா என்று அறிவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எனவே இரண்டாவது முறை கருவுற்ற பெண்ணுக்கு, குழந்தை பிறக்கும் வரை இந்தத் திட்டத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. பிறந்தது பெண் என்றால் பணம் வரும். ஆண் என்றால் வராது. இரண்டில் எதுவானாலும், அவள் கூடுதலாக உண்ண வேண்டிய ஒன்பது மாதங்கள் முடிந்து போயிருக்கும். கர்ப்ப கால ஊட்டச்சத்துக்காகவும் வேலைக்குப் போகாமல் ஓய்வெடுப்பதற்காகவும் நாடாளுமன்றம் வகுத்த உதவி, இங்கே பிரசவத்துக்குப் பிந்தைய பரிசாக மாறிவிட்டது.

இதோடு வயது வரம்பும் உண்டு. 18 வயது 7 மாதம் நிறைவடைந்திருக்க வேண்டும். இளவயதுத் திருமணத்தை ஊக்குவிக்கக் கூடாது என்பது காரணம். ஆனால் 2019-21-ஆம் ஆண்டின் ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. தன் உடலே இன்னும் வளர்ந்து கொண்டிருக்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத்தான் கருவைச் சுமக்கும்போது உணவு அதிகம் தேவை. குற்றம் செய்தவர்கள் பெற்றோர். தண்டனை அவள் தட்டுக்கு.

அமைப்பு சார்ந்த துறையில் பணிபுரியும் பெண்களுக்கு நேர்ந்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். அதே 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மக்களவை நிறைவேற்றிய திருத்தத்தால் அவர்களின் ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. வரவேற்கத்தக்கதுதான். ஒரு பக்கம் ஆறு மாத முழு ஊதியம். மறுபக்கம், நாற்று நடும் பெண்ணுக்கும் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கும் ரூ.5 ஆயிரம். ஒன்பது மாதங்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ரூ.18 சொச்சம். 2013-இல் நாடாளுமன்றம் நிர்ணயித்த ரூ.6 ஆயிரம், அதற்குப் பின் ஏறிய விலைவாசியைச் சேர்த்துக் கணக்கிட்டால் இன்று ரூ.10 ஆயிரத்தைத் தாண்டும்.

ஒன்பதரை ரூபாய் உணவு

சட்டத்தின் மற்றோர் உறுதிமொழி உணவு. இதற்கு வரலாறு நீண்டது. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் தேதி 33 வட்டாரங்களில் தொடங்கியது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அங்கன்வாடியில் உணவு வழங்கப்பட வேண்டும் என்றது. உணவு வழங்கலில் ஒப்பந்ததாரர்களை நுழையவிடக் கூடாது என்று 2004-இலும், 2008 டிசம்பருக்குள் 14 லட்சம் மையங்கள் இயங்க வேண்டும் என்று 2006-இலும் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் தலையிட நேர்ந்தது. மையங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அந்த அளவை எட்டிவிட்டது. உள்ளே கிடைப்பது என்ன என்பதுதான் கேள்வி.

சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் தரும் உணவு என்று வரையறுத்தது. நுண்சத்துகளையும் பலவகை உணவையும் உள்ளடக்கி 2023-இல் அந்த அட்டவணை திருத்தப்பட்டது. காகிதத்தில் குறையில்லை. அதற்கான செலவு வரம்பு 2017-இல் நாளொன்றுக்கு ரூ.7-லிருந்து ரூ.9.50 ஆக உயர்த்தப்பட்டது. அதன் பின் ஆண்டுக்கணக்கில் அந்தத் தொகை அசையவில்லை. பருப்பும் எண்ணெயும் முட்டையும் அசைந்துகொண்டே இருந்தன. ஒன்பதரை ரூபாயில் இன்று ஒரு முட்டை வாங்கினால் கையில் மிஞ்சுவது சில்லறைதான். 20 கிராம் புரதத்தை அந்தச் சில்லறையில் எப்படித் தேடுவது என்பதை அட்டவணை சொல்லவில்லை.

உணவின் வடிவமும் முக்கியம். வட மாநிலங்கள் பலவற்றில் கர்ப்பிணிக்குத் தரப்படுவது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உலர் உணவு. பஞ்சீரி எனப்படும் இனிப்பு மாவு, அல்லது அரிசி, பருப்பு, கோதுமை ரவை. பை வீட்டுக்குப் போனதும் அது கர்ப்பிணியின் உணவாக நிற்பதில்லை, குடும்பத்தின் உணவாகிவிடுகிறது. பசித்த குழந்தைகள் இருக்கும் வீட்டில் எந்தத் தாய் தனக்கென்று மாவைப் பூட்டி வைப்பாள்?

இதை உணர்ந்து சில தென் மாநிலங்கள் வேறு வழியில் சென்றன. ஆந்திரம் 2013-இல் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியிலேயே முழுச் சாப்பாடு வழங்கத் தொடங்கியது. தெலங்கானா 2015 ஜனவரி முதல் 'ஆரோக்கிய லட்சுமி' என்ற பெயரில் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு முட்டை, 200 மில்லி பால் தந்தது. கர்நாடகம் 2017 அக்டோபரில் 'மாத்ருபூர்ணா'வைத் தொடங்கியது. உண்பது கர்ப்பிணிதான் என்பது இதில் உறுதி. நிறைமாதத்தில் நாள்தோறும் வெயிலில் மையத்துக்கு நடந்து வருவது எப்படி, கூலி வேலையை நடுவில் விட்டு வர முடியுமா என்ற சிக்கல்கள் இதிலும் எழுந்தன. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலைப் பகுதிகளில் இது எளிதில் தீராத சிக்கல்.

முட்டையின் அரசியல் தனிக் கதை. மலிவாகவும் கலப்படமின்றியும் புரதம் தரும் பொருள் முட்டைதான் என்பதில் ஊட்டச்சத்து வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடில்லை. ஆனால் 2015-இல் அங்கன்வாடிகளில் முட்டை வழங்கும் யோசனையை மத்தியப் பிரதேச முதல்வராக இருந்த சிவராஜ் சிங் சௌஹான் ஏற்க மறுத்துவிட்டார். 2017-இல் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா, இயற்கை மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் சிறு நூல் ஒன்று, கர்ப்பிணிகள் அசைவத்தைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுரை கூறியது. சர்ச்சை எழுந்ததும் அது இயற்கை மருத்துவ முறையின் பழைய அறிவுரை மட்டுமே என்று விளக்கம் வந்தது. சைவ உணவு உண்போருக்கு அவர்கள் உண்ணும் வகையில் பாலும் பருப்பும் நிலக்கடலையும் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. உண்ண விரும்பும் ஏழைப் பெண்ணின் முட்டையை மற்றவர்களின் நம்பிக்கைக்காக நிறுத்துவது அந்தக் கடமையில் சேராது.

பாதிப் பேருக்கு ரத்தசோகை

இவற்றின் விளைவு புள்ளிவிவரத்தில் தெரிகிறது. கர்ப்பிணியின் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை எனக் கொள்ளப்படுகிறது. 2015-16-இல் 50.4 சதவீத கர்ப்பிணிகளுக்கு ரத்தசோகை இருந்தது. 2019-21-இல் அது 52.2 சதவீதமாக உயர்ந்தது. ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி குறைப்போம் என்ற இலக்குடன் ஊட்டச்சத்து இயக்கமும் 'ரத்தசோகையற்ற பாரதம்' திட்டமும் 2018-இல் தொடங்கப்பட்ட பிறகு வந்த எண்ணிக்கை இது. பிகாரில் 63.1 சதவீதம். கேரளத்தில் 31.4 சதவீதம்தான், ஆனால் அங்கும் முந்தைய ஆய்வைவிட அதிகம்.

அளக்கும் முறையிலேயே குறை உள்ளது என்கிறது மத்திய அரசு. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு சரியாகத் தெரியாது. நரம்பிலிருந்து எடுக்க வேண்டும் என்ற வாதத்தில் அறிவியல் இருக்கிறது. அதனால் ஆறாவது குடும்பநல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனை நீக்கப்பட்டது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு அது மாற்றப்பட்டது. அளவுகோல் துல்லியமாவது நல்லதே. ஆனால் பழைய ஆய்வோடு ஒப்பிட்டு, நிலைமை ஏறியதா, இறங்கியதா என்று கேட்கும் வாய்ப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதனால் அற்றுப்போகிறது.

இரும்புச் சத்து மாத்திரை வழங்குவது 1970 முதல் நடக்கிறது. கர்ப்பிணி 180 நாள்கள் அதை உட்கொள்ள வேண்டும். ஐந்தாவது ஆய்வின்படி அவ்வாறு உட்கொண்டவர்கள் 26 சதவீதத்தினர் மட்டுமே. முந்தைய ஆய்வில் 14.4 சதவீதமாக இருந்ததை நோக்கும்போது முன்னேற்றம்தான். மீதி நால்வரில் மூவர் என்ன ஆனார்கள்? மாத்திரை வந்து சேராத இடங்கள் உண்டு. வந்த மாத்திரை குமட்டலையும் மலச்சிக்கலையும் உண்டாக்க, இரண்டு வாரத்தில் அதைப் பெட்டியில் போட்டு மூடியவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கினால் குமட்டும். வயிறு வெறுமையாக இருப்பதுதானே அடிப்படைக் குறை. சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சேர்வது குறையும், நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் கூடும் என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் அங்கன்வாடி ஊழியர். அவரோ பதிவேட்டோடும் செல்பேசியோடும் மல்லாடிக் கொண்டிருக்கிறார். 2025 ஜூலை முதல், உணவுப் பொட்டலம் பெறும் பெண்ணின் முகத்தை 'போஷன் டிராக்கர்' செயலியில் படம் பிடித்துச் சரிபார்க்கும் வேலையும் சேர்ந்துவிட்டது. போலிப் பயனாளிகளைத் தடுக்க அது உதவலாம். சமிக்ஞை எட்டாத ஊரில் உண்மைப் பயனாளியும் சேர்ந்தே தடுக்கப்படுகிறார்.

இந்த ஊழியருக்கு மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018 அக்டோபரில்தான் ரூ.4,500 ஆனது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் அங்கன்வாடி மையத்துக்குச் சட்டப்பூர்வக் கடமைகளை விதித்திருப்பதைச் சுட்டிக்காட்டி, இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 4-ஆவது பிரிவின் கனத்தை நீதிமன்றம் உணர்ந்த அளவுக்கு நிர்வாகம் உணரவில்லை என்பதற்கு இந்தத் தீர்ப்பே சான்று.

வீட்டுக்குள் நடப்பது

பழியை அரசின் மீது மட்டும் போட்டுவிடவும் முடியாது. இந்தியாவில் கருத்தரிக்கும் நிலையில் உள்ள பெண்களில் 42.2 சதவீதத்தினர் எடைக் குறைவுடன் இருந்தனர், ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கிலுள்ள நாடுகளிலோ 16.5 சதவீதத்தினரே அவ்வாறு இருந்தனர் என்று ஆய்வாளர் டயான் காஃபி 2015-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இந்தியாவைவிட வறுமை மிகுந்த நாடுகள் அவற்றில் பல. எனவே வறுமை மட்டுமே காரணமல்ல. 2005-06-ஆம் ஆண்டுத் தரவைக் கொண்ட ஆய்வு அது. அதன் பின் எடைக் குறைவு தணிந்திருக்கிறது. காரணம் மட்டும் அப்படியே இருக்கிறது. புதிதாக வந்த மருமகள் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் மிஞ்சியதை உண்பது வட மாநிலங்கள் பலவற்றில் இன்றும் வழக்கம். அதிகம் உண்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்ற அச்சமும் உண்டு. பதிவேட்டில் அவள் கர்ப்பிணியாகப் பெயர் பெறும் நாளில், உடலின் கையிருப்பு ஏற்கெனவே தீர்ந்திருக்கிறது.

பொருளாதார அறிஞர்கள் ஜான் டிரீஸ், ரீதிகா கேரா ஆகியோர் 2019-இல் ஆறு வட, மத்திய, கிழக்கு மாநிலங்களில் தன்னார்வ மாணவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், கர்ப்ப காலத்தில் வழக்கத்தைவிட அதிகம் உண்டதாகச் சொன்ன பாலூட்டும் தாய்மார்கள் 22 சதவீதம்தான். வழக்கத்தைவிடச் சத்தான உணவு உண்டதாகச் சொன்னவர்கள் 31 சதவீதம். ஒன்பது மாதங்களில் 10 கிலோவுக்கு மேல் கூட வேண்டிய எடை சராசரியாக 7 கிலோ மட்டுமே கூடியிருந்தது. உத்தரப் பிரதேசத்தில் 4 கிலோ. இந்த வழக்கங்கள் சட்டத்தால் மாறிவிடாது என்பது உண்மை. ஆனால் கர்ப்பிணியின் பெயரில், அவள் வங்கிக் கணக்கில், உரிய மாதத்தில் பணம் வந்தால், அந்த வீட்டில் அவளுடைய குரலுக்கு ஓரளவு மதிப்புக் கூடும் என்பதுதான் நிதியுதவியை வலியுறுத்துவோரின் வாதம்.

தமிழகத்தின் அனுபவம் அந்த வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது; எச்சரிக்கையும் தருகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 1987-இல் ரூ.300-ல் தொடங்கியது. தில்லி சட்டம் இயற்றுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 2006-இல், அது ரூ.6 ஆயிரத்தை எட்டிவிட்டது. 2011-இல் ரூ.12 ஆயிரம், 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து ரூ.18 ஆயிரம். அரசு மாறும்போதெல்லாம் தொகை ஏறியதே தவிர இறங்கவில்லை. 2018-20-ஆம் ஆண்டுக் கணக்குப்படி லட்சம் பிரசவங்களுக்கு நாட்டில் 97 தாய்மார் இறந்தபோது தமிழகத்தில் இறந்தோர் 54 பேர். அசாமில் 195 பேர். இந்த வேறுபாட்டுக்கு நிதியுதவி மட்டுமே காரணமல்ல. ஆரம்ப சுகாதார நிலையங்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பல பத்தாண்டுகளாக ஆற்றிய பணி அதற்குப் பின்னால் இருக்கிறது. அதே தமிழகத்தில் கர்ப்பிணிகளின் ரத்தசோகை 2019-21-இல் 48.3 சதவீதம். முந்தைய ஆய்வில் 44.4. பணமும் பெட்டகமும் மருத்துவமனையும் இருந்தும் ஏன் குறையவில்லை என்பது சென்னை பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அரிசியே முதன்மையாகிப்போன தட்டில் கேழ்வரகும் பயறும் கீரையும் அருகிவிட்டதை மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகின்றனர்.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், பேறுகால மரணம் 2001-03-இல் 301 ஆக இருந்து 97 ஆகக் குறைந்தது உண்மையான சாதனை. 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கும் நிலை வந்திருக்கிறது. பிரசவ நாளன்று அவளை ஆம்புலன்ஸில் ஏற்றி வர அரசு எந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. அதற்கு முந்தைய 270 நாள்கள்தான் இன்னும் வசப்படவில்லை.

எத்தனை கோடி?

முழுமையாகச் செயல்படுத்த நிதி ஏது என்பது நிதியமைச்சகத்தில் வழக்கமாகக் கேட்கும் பதில். 2017 டிசம்பரில் 60 பொருளாதார அறிஞர்கள் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்கு எழுதிய கடிதத்தில், சட்டப்படி அனைவருக்கும் பேறுகால உதவி வழங்க மத்திய அரசுக்குக் குறைந்தது ரூ.8 ஆயிரம் கோடி தேவை என்று கணக்கிட்டிருந்தனர். அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கப்பட்டது ரூ.2,700 கோடி. எட்டு ஆண்டுகள் கழித்து, 2025-26-இல், மாத்ரு வந்தனா யோஜனாவோடு வேறு சில மகளிர் திட்டங்களையும் சேர்த்து 'சாமர்த்திய' என்ற தலைப்பின் கீழ் ஒதுக்கப்பட்டது ரூ.2,521 கோடி. இரண்டாவது பெண் குழந்தையைச் சேர்த்த பிறகும், பிற திட்டங்களைச் சேர்த்த பிறகும், தொகை முதலாம் ஆண்டைவிடக் குறைவு. அதே அறிக்கையில் உணவு மானியத்துக்கு ஒதுக்கப்பட்டது ரூ.2 லட்சம் கோடிக்கு மேல். இரண்டுமே ஒரே சட்டம் விதித்த கடமைகள்.

எதிர்க்கட்சிகளும் இதில் பெரிதாகக் குரல் எழுப்பவில்லை. அரிசியின் அளவு குறைந்தால் அவையை முடக்கும் கட்சிகள், 4-ஆவது பிரிவு சுருங்கியதற்காக அவ்வாறு செய்ததில்லை. கர்ப்பிணிகள் ஒரு வாக்கு வங்கியல்ல. ஒன்பது மாதத்தில் அந்தத் தகுதி மாறிவிடுகிறது.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி நிதிநிலை உரையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், 8 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளும் ஒரு கோடி கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் பயன்பெறும் ஊட்டச்சத்துத் திட்டத்துக்கான செலவு வரம்பு உரிய அளவில் உயர்த்தப்படும் என்று அறிவித்தார். ஒன்பதரை ரூபாய் என்பது போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம். 'உரிய அளவு' எவ்வளவு என்று உரையில் இல்லை. திட்டத்துக்கான மொத்த ஒதுக்கீடு அந்த ஆண்டு ரூ.21,960 கோடி, முந்தைய ஆண்டின் ஒதுக்கீடான ரூ.21,200 கோடியைவிட 4 சதவீதத்துக்கும் குறைவான கூடுதல். ஊட்டச்சத்து உணவுக்கான செலவில், வடகிழக்கு போன்ற சிறப்புப் பகுதிகள் நீங்கலாக, சரிபாதியை மாநிலங்கள் ஏற்க வேண்டும் என்பது விதி. தில்லி வரம்பை உயர்த்தினால், உயரும் ஒவ்வொரு ரூபாயிலும் 50 காசைப் பாட்னாவும் லக்னௌவும் தேடியாக வேண்டும்.